ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்



சாயர்புரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. சென்னைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடிப்பார்கள். இல்லையென்றால் தாமிரபரணியைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனுக்குப் போய் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறுவார்கள். ஸ்ரீவைகுண்டம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் அந்த ஸ்டேஷன் இருப்பது ஊரில் இல்லை. ஊர் ஆற்றின் வடகரை, ஸ்டேஷன் தென்கரையில் புதுக்குடி. வடக்கே இருக்கிற சாயர்புரம், பெருங்குளம், சிவகளை மக்களுக்கு அந்த ரயில் வேண்டுமானால் முதலில் ஆறு வழிவிட வேண்டும். ஆறு வழிவிடாத இரண்டு நாட்கள் 2023 டிசம்பரில் வந்தன. இன்றைய பேச்சு அந்த இரண்டு நாட்களைப் பற்றியது, அதன் வழியாகச் சிறிய ரயில் நிலையம் ஒன்று எதற்காக இருக்கிறது என்பதைப் பற்றியது.

ஒரு சிற்றூர் ஸ்டேஷனின் மதிப்பை எல்லோரும் ஒரே விதமாகத்தான் அளக்கிறார்கள். எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை டிக்கெட் விற்கிறது. ரயில்வேயும் 2017 முதல் புறநகர் அல்லாத நிலையங்களைப் பயணிகள் எண்ணிக்கை, வருமானம் இரண்டையும் வைத்து ஆறு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் படிக்கு ஏற்பத்தான் கூரை, கழிப்பறை, பெஞ்சு எல்லாம். அந்தக் கணக்கில் வராத வேலை ஒன்று ஸ்டேஷனுக்கு உண்டு. போகக் கூடாத ரயிலைப் போகவிடாமல் நிறுத்துவதுதான் அது.

இந்தக் கடற்கரைக்கு ரயில் வந்ததே கப்பலுக்காக. 1876ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை தென்னிந்திய ரயில்வே பாதை திறந்தது. மணியாச்சியில் பிரிந்த ஒரு கிளை திருநெல்வேலிக்குப் போனது. கரிசல் பூமியின் பருத்தி துறைமுகத்துக்கு இறங்கியது. சென்னையிலிருந்து வருகிற போட் மெயில் பயணிகள் தூத்துக்குடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் கொழும்புக்குப் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலித் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பும் முகாம் தட்டப்பாறையில் இருந்தது. இன்று எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பெயர்ப் பலகையைக்கூடச் சரியாகப் படிக்க முடியாத அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு அப்படியொரு கண்ணீர்க் கணக்கு இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் 1906க்குப் பிறகு கொழும்புக்கு ஓடிய காலத்தில், அந்தக் கப்பலுக்கு ஆள் கொண்டுவந்து சேர்த்ததும் இதே தண்டவாளம்தான்.

மணியாச்சியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1911 ஜூன் 17ஆம் தேதி காலை, கலெக்டர் ஆஷ் வந்த வண்டி அங்கே போட் மெயில் இணைப்புக்காகக் காத்து நின்றது. அந்தச் சில நிமிடங்களில்தான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டுக் கொன்றார். ஸ்டேஷன் இன்று வாஞ்சி மணியாச்சி.

ஆற்றுக்குத் தெற்கே ரயில் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை 1923இல் திறந்தது. மொத்தம் 61 கிலோமீட்டர்தான். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நம்மாழ்வார் பிறந்த ஊர் இருக்கிறது, மிஷனரிகள் கட்டிய ஊர் இருக்கிறது, முத்துக்குப் பெயர்போன காயல் இருக்கிறது, முருகன் கோயில் இருக்கிறது. முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூரும் இதே பாதையை ஒட்டித்தான். தமிழ்நாட்டில் 61 கிலோமீட்டருக்குள் இத்தனை உலகங்களைத் தொட்டுப் போகிற ரயில் பாதை வேறு எங்காவது இருந்தால் அதையும் கொண்டாடலாம்.

வருமானத்தை மட்டும் நம்பிய பாதைக்கு என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாரி கம்பெனி குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை வைத்திருந்தது. அதற்காகத் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே தேரிக் காட்டு வழியாக இரண்டடி அகலத்தில் ஒரு குட்டி ரயிலை ஓட்டியது. பனங்காட்டு ஜனங்கள் அதில் ஏறிச் சந்தைக்குப் போனார்கள். ஆலையால் கம்பெனிக்கு லாபம் நின்றதும் 1940இல் ரயிலும் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். திசையன்விளைக்கு அதற்குப் பிறகு ரயில் வரவேயில்லை.

இனி 2023. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்திருந்தது. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சியால் காலையிலிருந்தே மழை. அந்த மழை என்னவென்று மறுநாள் காலை எட்டரை மணிக்கு எடுத்த அளவு சொன்னது: 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டம் ஒரு முழு ஆண்டில் சராசரியாகப் பெறுகிற மழையே 65 சென்டிமீட்டரை ஒட்டித்தான். அதாவது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஓராண்டு மழையைத் தாண்டிக் கொட்டியிருக்கிறது.

அந்த இரவு எட்டரை மணி வாக்கில் செந்தூர் எக்ஸ்பிரஸ் திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். கோயிலுக்கு வந்து திரும்புகிறவர்கள், திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டியவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். பாதி வழியில், ஒன்பது மணியை ஒட்டி, வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. மேற்கே செய்துங்கநல்லூர் வரையிலான பாதையில் தண்ணீர் ஏறி, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி அடித்துப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஜாஃபர் அலி வண்டியை மேலே விடவில்லை.

'விடவில்லை' என்பது ஒரு சொல். அதற்குப் பின்னால் நூறாண்டு நடைமுறை இருக்கிறது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதனால் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். மீட்டர் கேஜ் நாட்களில் அந்த அனுமதி டிரைவரின் கைக்கே பொருளாகப் போய்ச் சேரும். பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் ஒரு டோக்கன். அது கையில் இல்லாமல் எஞ்சின் ஓர் அடி நகரக் கூடாது. இன்று அகலப் பாதை, மின்சார எஞ்சின், வண்ண விளக்கு சிக்னல். விதி மட்டும் அதேதான். லைன் கிளியர் இல்லாமல் வண்டி கிடையாது. பாதையில் ஆபத்து என்று தெரிந்தால் அடுத்த பகுதிக்குள் ரயிலை அனுப்பாமல் வைத்திருக்கும் அதிகாரமும் பொறுப்பும் அந்தச் சிறிய அறையில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு உண்டு.

எல்லா ஸ்டேஷனுக்கும் இந்த அதிகாரம் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஹால்ட் என்று சொல்லப்படும் நிறுத்தங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் இருக்க மாட்டார். கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஓர் ஏஜென்ட் வண்டி நேரத்துக்கு வந்து போவார். அங்கே ரயில் நிற்கும், ஆனால் அங்கிருந்து யாரும் ரயிலை நிறுத்திவைக்க முடியாது. செலவைக் குறைக்க ஒரு ஸ்டேஷனை ஹால்ட்டாக இறக்கலாமா என்று கணக்குப் போடுகிறவர்கள், டிக்கெட் கிழிக்கும் ஆளின் சம்பளத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பார்கள். உண்மையில் அவர்கள் எடுத்துவிடுவது இரவு ஒன்பது மணிக்கு 'போகாதே' என்று சொல்லக்கூடிய ஒரு மனிதரை.

நின்ற பிறகு நடந்ததும் சாதாரணமானதல்ல. மாவட்ட நிர்வாகம் வண்டிகள் ஏற்பாடு செய்து 300 பேர் அளவில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. அதற்குள் சாலையும் அறுந்தது. மீதி 500 பேர் ஸ்டேஷனிலும் பெட்டிகளிலும் மாட்டிக்கொண்டார்கள். திங்கட்கிழமை விடிந்தபோது சுற்றிலும் வெள்ளம். மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏரல் ஊருக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. வெளியிலிருந்து யாரும் உடனே வந்துவிட முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

வந்தவர்கள் புதுக்குடி ஜனங்கள். அவர்களுடைய வீட்டுக்கும் அதே மழைதான், அவர்களுடைய அரிசிப் பானைக்கும் கடை திறக்காத நாள்தான். இருந்த அரிசியைச் சேர்த்து, பத்திரகாளியம்மன் கோயிலில் வைத்துச் சமைத்து, முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு போட்டார்கள். கோயில் கொடைக்குப் பொங்கிப் பழகிய ஊர். பெரிய அண்டாவும் கரண்டியும் எங்கே இருக்கின்றன, யார் அடுப்பு மூட்டுவார்கள், யார் பரிமாறுவார்கள் என்பதெல்லாம் அப்படிப்பட்ட ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரிடர் மேலாண்மை என்று அரசு நூல்களில் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருப்பதும், அந்த ஊர் கூடிச் சமைக்கத் தெரிந்ததாக இருப்பதும் அந்தப் பக்கங்களில் முதலில் எழுதப்பட வேண்டியவை.

விமானப்படை ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களைப் போட்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து சேர்ந்தார்கள். 19ஆம் தேதி பயணிகள் தண்ணீருக்கு நடுவே வெள்ளூர் வரை நடத்தி அழைத்து வரப்பட்டார்கள். அங்கிருந்து பஸ்ஸில் வாஞ்சி மணியாச்சி, அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னை. பின்னாளில் ரயில்வே ஜாஃபர் அலிக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. அந்த விருதில் பாயிண்ட்ஸ்மேனுக்கும் எஞ்சின் ஓட்டியவருக்கும் பாதையைப் பார்த்துச் சேதி சொன்ன தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்று இந்த அவையில் சொல்லியாக வேண்டும்.

வண்டி நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யூகிக்க வேண்டிய அவசியமில்லை. வெள்ளம் வடிந்த பிறகு எடுத்த படங்கள் இருக்கின்றன. மண் கரை முழுவதும் அடித்துப்போன இடங்களில் தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டைகளும் அந்தரத்தில் ஏணி மாதிரித் தொங்கின. இருட்டில் எஞ்சின் விளக்கு வெளிச்சத்துக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த ஏணியின் மேல் வண்டியின் பாரம் ஏறியிருக்கும்.

நம் மாநிலத்தின் மழைக்கால இரவுகளுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. பெருகிய ஆறு பாலத்தைப் பலவீனமாக்கியிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. நூற்றைம்பது பேர் அளவில் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இந்திய அரசியலில் அந்த ராஜினாமாவை இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசுகிறார்கள். அந்த வண்டி தூத்துக்குடி வண்டி என்பது வெளியூர்க்காரர்களுக்கு மறந்துபோயிருக்கலாம். இந்த மாவட்டம் மறக்கக் கூடாது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர், ஊர் எல்லையை நெருங்கும்போது புயல் அலையில் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. சிக்னல் வேலை செய்யவில்லை, தகவல் தொடர்பு அறுந்திருந்தது, முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அந்த டிரைவர் மேல் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. அவருக்குச் சேதி வந்து சேரவில்லை என்பதுதான் நடந்தது.

1956, 1964, 2023. மூன்றும் வடகிழக்குப் பருவமழையின் ரயில்கள். முதல் இரண்டும் போயின, மூன்றாவது நின்றது. நடுவில் ரயில்வே நிறையக் கற்றுக்கொண்டது என்பது நியாயமான பாராட்டு. மழைக்காலத்தில் பாதையோரம் இரவு ரோந்து நடக்கிற தொழிலாளர்கள், பலவீனமான பாலங்களுக்குக் காவலாள், ஆற்றுப் பாலத் தூண்களில் வெள்ள மட்டக் குறி, வானிலை எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறைக்கு உடனே போகிற ஏற்பாடு. ஆனால் இவை எல்லாம் கடைசியில் வந்து சேர வேண்டியது ஸ்டேஷன் மாஸ்டரின் மேசைக்கு. அந்த மேசை ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தது.

பாதையின் பக்கம் இருக்கும் குறையையும் பேச வேண்டும். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. வடகால் சாயர்புரம் பக்கத்துப் பெருங்குளத்துக்குத் தண்ணீர் தருகிறது, தென்கால் கடம்பாகுளத்துக்குத் தருகிறது. மேலே மருதூர் அணையிலிருந்து மேலக்கால், கீழக்கால். இப்படிக் கால்வாயும் குளமும் வயலும் பின்னிக் கிடக்கிற பூமியில் ரயில் கரை உயரமாகப் போகிறது. சாதாரண மழையில் கரைக்கு அடியில் இருக்கிற சிறுபாலங்கள் தண்ணீரை மறுபக்கம் கடத்திவிடும். குளங்கள் உடைந்து மொத்தமாக வந்தால் கரையே ஓர் அணை ஆகிவிடும். தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, வழி கிடைக்காமல், ஜல்லியைத் தள்ளிக்கொண்டு மேலே வழிந்து ஓடும். பாதையை மூன்று வாரத்துக்குள் சீராக்கி, 2024 ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி வண்டி ஓட்டியது பெரிய உழைப்பு. அந்தக் குளிரிலும் சேற்றிலும் மண் சுமந்து ஜல்லி கொட்டியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பழைய அளவிலேயே சிறுபாலங்கள் இருந்தால் அடுத்த பெருமழைக்கும் அதே கரை அதே இடத்தில் போகும். எங்கே உடைந்தது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அந்த இடங்களில் கண்வாய்களை அகலமாக்குவது ரயில்வேயும் நீர்வளத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை.

சேவைகளிலும் ஏற்ற இறக்கம் உண்டு. தூத்துக்குடிக்கு 2024இல் மேட்டுப்பாளையம் ரயில் வந்தது, பாலக்காட்டிலிருந்து திருநெல்வேலி வரை ஓடிய பாலருவி எக்ஸ்பிரஸ் தூத்துக்குடி வரை நீண்டது. நல்ல செய்திகள். ஆனால் குருவாயூர் எக்ஸ்பிரஸோடு சேரும் இணைப்பு வண்டி கொரோனா காலத்தில் நின்றதோடு தூத்துக்குடி மக்களுக்குச் சென்னைக்குப் பகல் நேர ரயில் கைவிட்டுப் போனது. மருத்துவமனைக்கு அழைத்துப் போகிற வயதானவர்களுக்கும் கைப்பணம் குறைந்தவர்களுக்கும் அந்தப் பகல் வண்டிதான் வசதி. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மீளவிட்டான்–மேல்மருதூர் வரை போட்டு வைத்திருக்கிற 18 கிலோமீட்டர் புதுப் பாதை அருப்புக்கோட்டை வழியாக மதுரை வரை போய்ச் சேர வேண்டும். அது வந்தால் மணியாச்சி வழி அடைபட்டாலும் தூத்துக்குடிக்கு இன்னொரு கதவு இருக்கும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி ஸ்டேஷனும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த இன்னொரு கதவின் அருமை தெரியும்.

சாயர்புரம் படித்தவர்களின் ஊர். ஜி.யு.போப் 1840களில் இங்கே செமினரி நடத்திய காலத்தில் இந்தச் சீமையில் ரயில் என்ற பேச்சே இல்லை. அப்போதிருந்தே மனு எழுதவும் கணக்குக் கேட்கவும் பழகிய ஊர் இது. ஆகவே மதுரைக் கோட்ட மேலாளருக்கு ஒரு மனு இங்கிருந்து போவது பொருத்தம். அதில் ஸ்ரீவைகுண்டம் உட்பட இந்தப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிற எந்த நிலையத்தையும் இரவுப் பணியாள் இல்லாமல் விடக் கூடாது என்று இருக்கட்டும். மழைக்காலம் மூன்று மாதமும் அங்கே ஐந்நூறு பேருக்கு ஒரு நாள் தாங்கும் குடிநீர், ஒரு ஜெனரேட்டர், போன் கோபுரம் செத்தாலும் பேச உதவும் வயர்லெஸ் இருக்க வேண்டும் என்று இருக்கட்டும். 2023 வெள்ளம் ஏறிய மட்டத்தை ஸ்டேஷன் சுவரில் பெயிண்டால் குறித்துத் தேதி போட்டு வைக்க வேண்டும் என்றும் இருக்கட்டும்.

இன்னொரு மனு போக்குவரத்துக் கழகத்துக்கு. செந்தூர் எக்ஸ்பிரஸுக்குப் போக, சாயர்புரத்திலிருந்து பெருங்குளம் வழியாக ஸ்ரீவைகுண்டம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஸ்டேஷன் வாசல் வரை ஓர் இரவுப் பஸ். அதே பஸ் காலையில் சென்னையிலிருந்து வருகிற வண்டிக்காகக் காத்திருந்து ஜனங்களைத் திரும்ப ஏற்றி வரட்டும். முதல் சில மாதம் பஸ்ஸில் ஆள் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நிறுத்திவிடாமல் குறைந்தது ஓராண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.